தன்னியக்கக் குவியமும் கைமுறைக் குவியமும்

தன்னியக்கக் குவியம் என்பது, ஒளிப்படக்கருவியானது தன்னிடமுள்ள உணரிகள், நுண்செயலி, மின்னோடி ஆகியவற்றின் துணையால் வில்லையைத் தானே நகர்த்தி, எடுக்கப்படும் பொருளின் உருவத்தைத் தெளிவாக விழச் செய்யும் முறை ஆகும். இதனைப் பரவலாக ஆட்டோஃபோக்கஸ் என்பர். கைமுறைக் குவியம் என்பது, படமெடுப்பவர் வில்லையின் குவிய வளையத்தைத் தன் கையால் திருப்பி, தெளிவைக் கண்ணால் பார்த்தோ தொலைவை அளந்தோ சரிசெய்யும் முறை ஆகும். பெரும்பாலான எண்ணிம ஒளிப்படக்கருவிகளில் இவ்விரு முறைகளும் உள்ளன. எதனை எப்போது பயன்படுத்துவது என்பது ஒளிப்படவியல் பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் கேள்விகளுள் ஒன்றாகும்.

எண்ணிமப் படத்தில் ஒளியளவு, வெண்சமநிலை போன்றவற்றில் நேரும் பிழைகளைப் பின்னர் கணினியில் ஓரளவு திருத்திக்கொள்ளலாம். குவியம் தவறிய படத்தை அவ்வாறு முழுமையாக மீட்க இயலாது. விளிம்புகளைக் கூர்மையாக்கும் மென்பொருள்கள் இருப்பினும், பதிவாகாத நுண்விவரங்களை அவை உண்மையில் திரும்பக் கொணர்வதில்லை. எனவே குவியம் பற்றிய முடிவு, படமெடுக்கும் கணத்திலேயே சரியாக எடுக்கப்பட வேண்டிய ஒன்றாகும்.

அடிப்படை

ஒரு குவிவு வில்லையின் முன் உள்ள பொருளின் தொலைவும், வில்லைக்குப் பின் உருவம் விழும் தொலைவும் பின்வரும் சமன்பாட்டால் தொடர்புபடுகின்றன.

1/கு = 1/பொ + 1/உ

இதில் கு என்பது வில்லையின் குவியத் தூரம். பொ என்பது பொருளின் தொலைவு. உ என்பது உருவத்தின் தொலைவு.

எடுத்துக்காட்டாக, 50 மிமீ குவியத் தூரமுள்ள வில்லையில் மிகத் தொலைவிலுள்ள மலையின் உருவம் வில்லைக்குப் பின் 50 மிமீ தொலைவில் விழும். 2 மீட்டரில் நிற்கும் ஒருவரின் உருவம் ஏறத்தாழ 51.3 மிமீ தொலைவில் விழும். உணரி இருக்கும் இடம் மாறாதது. ஆகவே மலையிலிருந்து மனிதருக்குக் குவியத்தை மாற்ற வேண்டுமெனில் வில்லை 1.3 மிமீ அளவு முன்னோக்கி நகர வேண்டும். குவியப்படுத்தல் என்பது இந்தச் சிறு நகர்வே ஆகும். இந்நகர்வை மின்னோடி செய்தால் அது தன்னியக்கம். விரல்கள் செய்தால் அது கைமுறை. இரண்டிலும் ஒளியியல் ஒன்றே. எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை யார் முடிவு செய்கின்றனர் என்பதிலேயே வேறுபாடு உள்ளது.

புல ஆழம்

கண்டிப்பாகக் கூறின், ஒரு வில்லை ஒரேயொரு தளத்தை மட்டுமே முழுத் தெளிவுடன் காட்டும். அத்தளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகள் உணரியில் சிறு வட்டங்களாக விழுகின்றன. இவ்வட்டங்கள் போதிய அளவு சிறியனவாக இருக்கும்வரை கண் அவற்றைப் புள்ளிகளாகவே கருதுகிறது. இவ்வாறு தெளிவாகத் தோன்றும் தொலைவு எல்லையே புல ஆழம் எனப்படும். 36 × 24 மிமீ அளவுள்ள முழுச்சட்ட உணரிக்கு 0.03 மிமீ விட்டமுள்ள வட்டத்தை எல்லையாகக் கொள்வது மரபு. இதன்படிக் கணக்கிட்ட சில அளவுகள் வருமாறு:

- 50 மிமீ வில்லை, எஃப்/8, பொருள் 2 மீட்டரில்: ஏறத்தாழ 78 செமீ
- 50 மிமீ வில்லை, எஃப்/1.8, பொருள் 2 மீட்டரில்: ஏறத்தாழ 17 செமீ
- 85 மிமீ வில்லை, எஃப்/1.4, பொருள் 1.5 மீட்டரில்: ஏறத்தாழ 2.5 செமீ

மூன்றாவது நிலையில், முகத்தைச் சற்றே திருப்பியிருப்பவரின் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் அமையக்கூடும். இத்தகைய நிலைகளில்தான் குவியத்தைக் கருவியிடம் விடுவதா, கையில் எடுத்துக்கொள்வதா என்னும் கேள்வி முதன்மை பெறுகிறது. எஃப்/8 துவாரத்தில் நண்பகல் வெயிலில் எடுக்கப்படும் குழுப்படத்தில் எம்முறையைப் பின்பற்றினும் பெரும் வேறுபாடு இராது.

0.03 மிமீ என்னும் அளவு, அச்சிட்ட படத்தை இயல்பான தொலைவிலிருந்து பார்ப்பதை அடிப்படையாகக் கொண்டது. 2.4 கோடி படப்புள்ளிகளுள்ள முழுச்சட்ட உணரியில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.006 மிமீ மட்டுமே. அதாவது மேற்கண்ட வட்டம் ஐந்து படப்புள்ளிகளின் அகலமுடையது. படத்தைக் கணினித் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, அச்சில் தெரியாத குவியப் பிழைகளும் தெரிவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

1970களின் நடுப்பகுதிவரை விற்பனையிலிருந்த ஒளிப்படக்கருவிகள் கைமுறையாகக் குவியப்படுத்தப்பட்டவை, அல்லது குவியம் நிலையாகப் பொருத்தப்பட்டவை. லைக்கா கருவிகளைச் செய்த லைட்ஸ் நிறுவனம் 1976ஆம் ஆண்டு ஃபோட்டோகினா கண்காட்சியில் தன்னியக்கக் குவிய முன்மாதிரி ஒன்றைக் காட்டியது. ஆனால் அது விற்பனைக்கு வரவில்லை. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் தன்னியக்கக் குவியக் கருவி, ஹனிவெல் நிறுவனத்தின் உணரித் தொகுதியைப் பயன்படுத்தி 1977இல் வெளிவந்த கோனிக்கா சி35 ஏஎஃப் ஆகும்.

1978இல் பொலராய்டு நிறுவனம், மீயொலி அலைகளை அனுப்பி அவற்றின் எதிரொலி திரும்பும் நேரத்தால் தொலைவை அறியும் எஸ்எக்ஸ்-70 சோனார் கருவியை வெளியிட்டது. 1979இல் வந்த கேனன் ஏஎஃப்35எம் அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தியது. 35 மிமீ படச்சுருள் பயன்படுத்தும் எஸ்.எல்.ஆர். கருவிகளில் முதன்முதலில் தன்னியக்கக் குவியம் பெற்றது 1981இல் வெளிவந்த பென்டாக்ஸ் எம்ஈ-எஃப் ஆகும். 1983இல் நிக்கான் எஃப்3ஏஎஃப் வெளிவந்தது. இவ்விரு எஸ்.எல்.ஆர். கருவிகளிலும் மின்னோடி வில்லையினுள்ளேயே இருந்தது. அதற்கென ஆக்கப்பட்ட மிகச் சில வில்லைகளே கிடைத்தன.

1985இல் மினோல்ட்டா நிறுவனம், உணரியும் மின்னோடியும் கருவியின் உடற்பகுதியிலேயே அமைந்த 7000 என்னும் கருவியை வெளியிட்டது. இது பெரும் வணிக வெற்றி பெற்றது. தன் காப்புரிமைகள் மீறப்பட்டதாக ஹனிவெல் 1987இல் தொடுத்த வழக்கு, 1992இல் மினோல்ட்டா 12.76 கோடி அமெரிக்க டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதுடன் முடிவுற்றது.

1987இல் கேனன் நிறுவனம் ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கியபோது, தன் பழைய எஃப்டி வில்லைப் பொருத்தியைக் கைவிட்டு, முற்றிலும் மின்தொடர்பால் இயங்கும் புதிய பொருத்தியைக் கொணர்ந்தது. பழைய வில்லைகளைப் பெருஞ்செலவில் வாங்கி வைத்திருந்தோர் அவற்றைப் புதிய கருவிகளில் இயல்பாகப் பொருத்த இயலாமற் போயிற்று. நிக்கான் நிறுவனம் 1959 முதல் வழங்கிய தன் பொருத்தியையே தொடர்ந்தது.

செயற்படும் விதம்

செயலூக்க முறை

கருவியே மீயொலியையோ அகச்சிவப்புக் கதிரையோ அனுப்பித் தொலைவை அளப்பது இம்முறை. இருளிலும் இது செயற்படும். ஆயினும் மீயொலி சாளரக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடுவதால், கண்ணாடிக்கு அப்பாலுள்ள காட்சிக்கு மாறாகக் கண்ணாடியின் தொலைவையே கருவி எடுத்துக்கொள்ளும். 2014இல் வெளிவந்த எல்ஜி ஜி3 முதலான சில நுண்ணறி பேசிகளில் லேசர் கதிரைப் பயன்படுத்தி இம்முறை மீண்டும் இடம்பெற்றது.

கட்ட வேறுபாட்டு முறை

எஸ்.எல்.ஆர். கருவியின் முதன்மை ஆடியின் நடுப்பகுதி ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவது. அவ்வழியே செல்லும் ஒளியைப் பின்னாலுள்ள துணை ஆடி கீழ்நோக்கித் திருப்பி, ஆடிப்பெட்டியின் அடியிலுள்ள குவிய உணரிக்கு அனுப்புகிறது. அங்கு, வில்லையின் இரு எதிர்ப்பக்கங்களிலிருந்து வரும் ஒளி தனித்தனியே இரு உருவங்களாக விழும். அவற்றுக்கிடையிலான இடைவெளி, குவியம் முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்பதையும், எவ்வளவு விலகியுள்ளது என்பதையும் ஒருசேரத் தெரிவிக்கும். ஆகவே வில்லை எத்திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. விரைவு இம்முறையின் சிறப்பு.

இதன் குறை, குவியத்தை அளக்கும் பாதையும் படம் பதிவாகும் பாதையும் வெவ்வேறாக இருப்பதாகும். இரு பாதைகளின் நீளத்தில் நுண்ணிய வேறுபாடு இருந்தாலும், கருவி சரியெனக் காட்டும் குவியம் பொருளுக்கு முன்னாலோ பின்னாலோ விழும். இதனை ஈடுசெய்ய, ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியே நுண்திருத்தம் செய்யும் வசதி 2007ஆம் ஆண்டு முதல் உயர்நிலைக் கருவிகளில் இடம்பெறலாயிற்று.

ஒளிமாறுபாட்டு முறை

படம் பதிவாகும் உணரியிலேயே, குறித்த இடத்தில் அடுத்தடுத்த படப்புள்ளிகளுக்கிடையிலான ஒளி வேறுபாட்டை அளந்து, அது உச்சமடையும் நிலையில் வில்லையை நிறுத்துவது இம்முறை. குவியம் சரியாக இருக்கும்போது விளிம்புகளில் மாறுபாடு மிகுதியாக இருக்கும் என்பதே இதன் அடிப்படை. அளப்பதும் பதிவதும் ஒரே உணரியாதலால் துல்லியம் மிகுதி. ஆனால் எத்திசையில் நகர வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. உச்சத்தைக் கடந்து சென்ற பின்னரே அது உச்சம் என்பது தெரியவரும். எனவே வில்லை முன்னும் பின்னும் அலைந்து தேடும்.

உணரிமேல் கட்ட வேறுபாட்டு முறை

பதிவு உணரியின் படப்புள்ளிகளிலேயே கட்ட வேறுபாட்டை அறியும் அமைப்பை உட்படுத்துவது இம்முறை. 2010இல் ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் சிறு கருவிகளிலும், 2011இல் நிக்கான் 1 வரிசையிலும், 2013இல் ஒவ்வொரு படப்புள்ளியையும் இரண்டாகப் பிரித்த கேனன் 70டி கருவியிலும் இது இடம்பெற்றது. ஆடியற்ற ஒளிப்படக்கருவிகள் எஸ்.எல்.ஆர். கருவிகளின் இடத்தைப் பிடித்தமைக்கு இதுவும் ஒரு முதன்மைக் காரணம். அளக்கும் பாதை, பதியும் பாதை என்னும் பிரிவு இங்கு இல்லையாதலால், முன்குவிய, பின்குவியப் பிழைகள் பெரிதும் குறைந்தன.

பொருளறிதல்

மேற்கண்ட முறைகள் யாவும் ஓரிடத்தின் தொலைவைக் கண்டறிவனவே. எவ்விடத்தைக் குவியப்படுத்துவது என்பது வேறு கேள்வி. 1992இல் வெளிவந்த கேனன் ஈஓஎஸ் 5, படமெடுப்பவரின் கண் எங்கு நோக்குகிறது என்பதை அறிந்து அவ்விடத்தைத் தெரிவு செய்ய முயன்றது. இவ்வசதி நீண்ட இடைவெளிக்குப் பின் 2021இல் ஈஓஎஸ் ஆர்3 கருவியில் மேம்பட்ட வடிவில் திரும்பியது. 2000களில் முகத்தை அறியும் வசதியும், பின்னர் கண்ணை அறியும் வசதியும் வந்தன. 2019இல் சோனி நிறுவனம் விலங்குகளின் கண்ணை அறியும் வசதியை வழங்கியது. அதன்பின், பெருமளவு படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணினி நிரல்கள் பறவை, வண்டி, வானூர்தி ஆகியவற்றையும் அடையாளம் காண்கின்றன.

தன்னியக்கம் தவறும் நிலைகள்

- மாறுபாடற்ற பரப்புகள்: வெண்சுவர், மேகமற்ற வானம், பனிமூட்டம் ஆகியவற்றில் ஒப்பிடுவதற்கான விளிம்புகள் இல்லை.
- குறைந்த ஒளி: உணரிக்குக் கிடைக்கும் குறிகையை விட இரைச்சல் மிகுந்துவிடுகிறது.
- இடையிலுள்ள தடைகள்: கூண்டுக் கம்பி, மரக்கிளை, புல், மழைத்துளி படிந்த கண்ணாடி ஆகியவற்றில் கருவி குவியப்படுத்திவிடுகிறது.
- திரும்பத் திரும்ப வரும் கோலங்கள்: கம்பியழி, பலகணி வரிசை போன்றவற்றில் எந்தக் கோடு எந்தக் கோட்டுக்கு இணை என்பதில் கட்ட வேறுபாட்டு உணரி ஏமாறக்கூடும்.
- ஒரு திசைக் கோடுகள்: ஒரு திசையை மட்டுமே அளக்கும் உணரிகள், அத்திசைக்கு இணையாக ஓடும் கோடுகளைக் காண்பதில்லை. குறுக்குவகை உணரிகள் இதனைத் தவிர்க்கின்றன.
- சிறு துவார வில்லைகள்: பல எஸ்.எல்.ஆர். கருவிகளில், வில்லையின் பெருமத் துவாரம் எஃப்/5.6 அளவினும் சிறியதாயின் தன்னியக்கம் நம்பத்தக்கதாக இராது.

இவற்றோடு, பயன்படுத்துவோரால் நேரும் பிழைகளும் உள. நடுப்புள்ளியில் குவியப்படுத்திவிட்டுப் பின் கருவியைத் திருப்பிச் சட்டகத்தை மாற்றுவது பலரிடமுள்ள வழக்கம். 1.5 மீட்டரிலுள்ள கண்ணைக் குவியப்படுத்திக் கருவியை 10 பாகை திருப்பினால், குவியத்தளம் கண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ 2.3 செமீ விலகிவிடும். எஃப்/8 துவாரத்தில் இது பொருட்டன்று. முன்னர்க் கண்ட 85 மிமீ, எஃப்/1.4 நிலையில், கண் மங்குவதற்கு இதுவே போதும். இங்குப் பிழை தன்னியக்கத்தினுடையதன்று. அது குவியப்படுத்திய பின் வடிவவியல் மாறியதே காரணம். கண்ணுக்கு நேரேயுள்ள குவியப்புள்ளியைத் தெரிவு செய்தல் இதற்குத் தீர்வாகும்.

கைமுறைக் குவியத்தின் துணைக்கருவிகள்

படச்சுருள் காலத்து எஸ்.எல்.ஆர். கருவிகளின் பார்வைத் திரையில், குவியம் தவறும்போது உருவத்தை இரண்டாகப் பிளந்து காட்டும் முப்பட்டக அமைப்பு இருந்தது. தன்னியக்கம் பரவிய பின் பெரும்பாலான கருவிகளில் அது நீக்கப்பட்டது. அதற்கு மாறாக வந்த திரைகள் காட்சியை வெளிச்சமாகக் காட்டுவன. ஆனால் பெருந்துவார வில்லையின் புல ஆழத்தை உள்ளதை விட மிகுதியாகக் காட்டுவன. எனவே எஃப்/1.4 வில்லையை இத்திரையில் பார்த்துக் கையால் குவியப்படுத்துவோர், திரையில் தெளிவாகக் கண்டதைப் படத்தில் மங்கலாகக் காண நேர்ந்தது. கைமுறை கடினம் என்னும் எண்ணம் பலரிடம் ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணிமக் கருவிகளில் பின்வரும் துணைகள் உள்ளன:

- உருப்பெருக்கம்: உணரி காணும் காட்சியின் ஒரு பகுதியை 5 அல்லது 10 மடங்கு பெரிதாக்கித் திரையில் காட்டுதல். முக்காலியில் நிற்கும் கருவிக்கு இதுவே மிகத் துல்லியமான வழி.
- விளிம்பு ஒளிர்த்தல்: தெளிவாக உள்ள விளிம்புகளை நிறக்கோட்டால் காட்டுதல். விரைவானது, ஆனால் பெருந்துவாரங்களில் அண்ணளவானது.
- உறுதிக்குறி: வளையத்தைக் கையால் திருப்பும்போது குவியம் எட்டியதைச் சிறு விளக்கால் அறிவித்தல்.
- தொலைவு அளவுகோல்: வில்லையின் மேல் பொறிக்கப்பட்ட தொலைவு எண்கள்.

தன்னியக்க வில்லைகளின் வளையம் விரைவுக்காகக் குறைந்த அளவே சுழல்வது. கைமுறைக்கென ஆக்கப்பட்ட வில்லைகளின் வளையம் நீண்ட சுழற்சி உடையதாதலால் நுண்ணிய திருத்தம் எளிது. 1954இல் தொடங்கிய லைக்கா எம் வரிசையின் தொலைவுமானிக் கருவிகள், எண்ணிமக் காலத்திலும் கைமுறைக் குவியத்தையே தொடர்கின்றன.

கைமுறை இன்றியமையாத துறைகள்

வானியல் ஒளிப்படங்களில் பெரும்பாலும் கைமுறையே கையாளப்படுகிறது. மங்கிய விண்மீன்களைப் பல கருவிகளின் தன்னியக்கம் பற்றிக்கொள்வதில்லை. பொலிவுமிக்க விண்மீன் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறு புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புவர். வில்லையின் அளவுகோலிலுள்ள முடிவிலிக் குறியை மட்டும் நம்புவது பிழை தரும். பல தன்னியக்க வில்லைகள் அக்குறியைக் கடந்தும் சுழலக்கூடியவை.

அண்மை ஒளிப்படத்தில் புல ஆழம் மில்லிமீட்டர் அளவே இருக்கும். அங்குக் குவியத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கருவியையே முன்னும் பின்னும் நகர்த்துதல் வழக்கம்.

தெரு ஒளிப்படத்தில் முன்கூட்டியே குவியத்தை நிறுத்திவைக்கும் முறை உண்டு. 28 மிமீ வில்லையை எஃப்/8 துவாரத்தில் 3.3 மீட்டருக்கு நிறுத்தினால், ஏறத்தாழ 1.65 மீட்டர் முதல் முடிவிலிவரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். பின்னர்ப் பொத்தானை அழுத்துவதொன்றே எஞ்சும் பணி. இந்நிலையில் கைமுறை, தன்னியக்கத்தை விட விரைவானது.

திரைப்படத்துறையில் குவியத்துக்கென்றே ஓர் உதவியாளர் பணிபுரிகிறார். ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975இல் வெளிவந்த பாரி லிண்டன் திரைப்படத்தின் மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகள், எஃப்/0.7 துவாரமுள்ள 50 மிமீ சைஸ் வில்லையால் எடுக்கப்பட்டன. புல ஆழம் மிகக் குறைவாதலால், நடிகர்களின் தொலைவை அறிய, படக்கருவிக்குச் செங்குத்தான திசையில் தனியே ஒரு நிகழ்படக்கருவி நிறுத்தப்பட்டது. குவிய உதவியாளர் அதன் திரையைப் பார்த்து வில்லையைத் திருப்பினார்.

தன்னியக்கம் மேம்பட்ட துறைகள்

விளையாட்டு, காட்டுயிர், செய்தி ஆகியவற்றில் தன்னியக்கத்தின் மேன்மை ஐயத்துக்கு இடமற்றது. நொடிக்கு 10 மீட்டர் விரைவில் படக்கருவியை நோக்கி ஓடிவரும் ஒருவர், பொத்தானை அழுத்தியதற்கும் படம் பதிவாவதற்கும் இடையிலான 0.05 நொடியிலேயே அரை மீட்டர் முன்னேறிவிடுவார். தொடர் குவிய முறை, அடுத்தடுத்த அளவீடுகளிலிருந்து விரைவைக் கணித்து, பொருள் இருக்கப்போகும் இடத்துக்கு வில்லையை நகர்த்துகிறது. நொடிக்குப் பல படங்கள் எடுக்கும்போது இதனைக் கையால் செய்வது அரிது. பார்வைக் குறைபாடு உடையோருக்கும், கை நடுக்கம் உள்ளோருக்கும் தன்னியக்கம் ஒளிப்படவியலின் வாயிலைத் திறந்துவிட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஒப்பீடும் விவாதமும்

தன்னியக்கத்தைச் சார்ந்திருப்பது திறனைக் குறைக்கும் என ஒரு சாராரும், கைமுறையை வலியுறுத்துவது பழமைப்பற்று மட்டுமே என மற்றொரு சாராரும் கூறுவதுண்டு. பயில்வோர் கருத்திற்கொள்ள வேண்டியது, குவியப்படுத்தலில் இரு பணிகள் உள்ளன என்பதாகும். முதலாவது, எதனைத் தெளிவாகக் காட்டுவது எனத் தீர்மானித்தல். இரண்டாவது, அங்கு வில்லையைத் துல்லியமாகக் கொண்டு சேர்த்தல். இரண்டாவது பணியில் கருவிகள் பெரும்பாலும் மனிதரை விஞ்சிவிட்டன. முதலாவது பணியில் கருவி ஊகிக்கவே செய்கிறது. கூட்டத்தில் அருகிலுள்ள முகத்தை அது தெரிவு செய்யலாம். படமெடுப்பவர் கருதியது பின்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையாக இருக்கலாம்.

ஆகவே பலர் இடைப்பட்ட வழிகளைக் கையாளுகின்றனர். குவியப்புள்ளியைத் தாமே தெரிவு செய்து, நகர்த்தும் பணியை மட்டும் கருவியிடம் விடுவது ஒரு வழி. குவியப்படுத்தலைப் படமெடுக்கும் பொத்தானிலிருந்து பிரித்து, பின்புறத்திலுள்ள தனிப் பொத்தானுக்கு மாற்றுவது மற்றொன்று. தன்னியக்கம் எட்டிய பின் வளையத்தால் நுண்திருத்தம் செய்வது மூன்றாவது.

முடிவைப் படமெடுத்த பின்னர் எடுக்கும் முயற்சியும் நடந்தது. 2012இல் லைட்ரோ நிறுவனம், ஒளிக்கதிர்களின் திசையையும் பதிவு செய்து பின்னர்க் குவியத்தை மாற்றிக்கொள்ளும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. படத்தின் பிரிதிறன் குறைவாக இருந்தது. அந்நிறுவனம் 2018இல் மூடப்பட்டது.

தெளிவே படத்தின் மதிப்பை முடிவு செய்வதில்லை என்பதும் இவ்விவாதத்தில் அடிக்கடி நினைவூட்டப்படுவது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் ராபர்ட் கப்பா எடுத்த படங்கள் மங்கலும் அசைவும் மிக்கவை. ஆயினும் அவை இரண்டாம் உலகப் போரின் மிக அறியப்பட்ட படங்களுள் அடங்கும். 1947இல் வெளியிட்ட தன் போர்க்கால நினைவு நூலுக்கு அவர் இட்ட பெயர், 'குவியம் சற்றே தவறியது' எனப் பொருள்படும்.

இவற்றையும் பார்க்க

- ஒளிப்படவியல்
- குவிவு வில்லை
- புல ஆழம்
- எஸ்.எல்.ஆர். ஒளிப்படக்கருவி
- ஆடியற்ற ஒளிப்படக்கருவி